ஐஸ் தண்ணீர் டம்ளரும் ஒரு வாத்தியாரும்

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சங்கச் செயலாளர் போன் செய்தபோது, ஹாஸ்டல் கதைகள்தான் முதலில் ஞாபகம் வந்தன. அவற்றை மற்ற நண்பர்கள் என்னைவிட நன்றாகவே எழுதுவார்கள். அதனால், நம் கல்லூரி வாசலை மிதிக்காமலேயே எனக்கு வாத்தியாராக இருந்த ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். அவர் பெயர் ரிச்சர்ட் ஃபெயின்மேன்.

முதலாண்டில் பிசிக்ஸ் சார் சொன்னாரே என்று நம்ம லைப்ரரியில் அவருடைய விரிவுரைகளின் முதல் தொகுதியை எடுத்தேன். அமெரிக்காவில் கால்டெக்கில் 1961 முதல் 1963 வரை புதிதாகச் சேர்ந்த மாணவர்களுக்கு அவர் நடத்திய பாடங்கள் அவை. போகப் போக மேல்வகுப்பு மாணவர்களும் சக பேராசிரியர்களும்கூட வந்து உட்கார்ந்தார்களாம். 1965-ல் நோபல் பரிசு பெற்ற பிறகும் அவர் வகுப்பறையை விடவில்லை.

நோயை அவர் இளவயதிலேயே பக்கத்திலிருந்து பார்த்தவர். காசநோய் என்று தெரிந்தேதான் 1942-ல் ஆர்லீனைக் கல்யாணம் செய்துகொண்டார். மூன்று வருஷத்தில் அந்தம்மா காலமானார். 1978-ல் இவர் வயிற்றிலேயே புற்றுநோய்க் கட்டி. 1981-ல் மறுபடி பெரிய ஆபரேஷன். ரத்தப்போக்கு அதிகமாகி, கால்டெக்காரர்கள் வரிசையில் நின்று ரத்தம் கொடுத்தார்கள். எழுந்து வந்த மனிதர், 1983-லிருந்து கம்ப்யூட்டர் பற்றிப் புதுப் பாடமே நடத்தத் தொடங்கிவிட்டார்!

1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் கிளம்பிய 73 விநாடிகளில் சிதறி, 7 பேர் இறந்தார்கள். விசாரணைக் குழுவில் சேர அழைப்பு வந்தது. உடம்பைக் காட்டி மறுத்திருந்தால் யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் போனார். ராக்கெட் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையத்தின் துண்டு ஒன்றைக் கிளாம்பில் இறுக்கி, ஐஸ் தண்ணீரில் போட்டு எடுத்தார். குளிரில் ரப்பர் சட்டென்று பழைய வடிவத்துக்குத் திரும்பவில்லை. கேமராக்கள் முன்னால், ஒரு டம்ளரை வைத்து நடத்திய பாடம் அது. விபத்து வாய்ப்பு லட்சத்தில் ஒன்று என்று நிர்வாகம் சொல்ல, பொறியாளர்கள் நூற்றில் ஒன்று என்று நினைத்ததையும் எழுதினார். அதைச் சேர்க்காவிட்டால் அறிக்கையிலிருந்து தன் பெயரை எடுத்துவிடச் சொன்னார். அது பின்னிணைப்பாக வந்தது.

இதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனாலும் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம், ஒரு பிரஷர் டெஸ்டில் முள் மெல்ல இறங்குவதைப் பார்த்துக்கொண்டே சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டேன். லாரி வாசலில் நின்றது, மேலிருந்து அவசரம். கேஸ்கட் சரியில்லை சார் என்று ஃபிட்டர் அண்ணன் சொல்லியும் கேட்கவில்லை. போன இடத்தில் ஒழுகியது. யாருக்கும் காயமில்லை, கடவுள் புண்ணியம். அந்த அண்ணன் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை, வாய்தான் திறக்கவில்லை. அதற்கப்புறம், கையெழுத்துப் போடுவதற்கு முன் அவரைக் கூப்பிட்டுக் கேட்காமல் போடுவதில்லை.

1987 அக்டோபரில் ஃபெயின்மேனுக்கு இன்னொரு ஆபரேஷன். அதற்குப் பிறகும், இறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு வரை பாடம் நடத்தினார். மிச்சமிருந்த சிறுநீரகமும் கைவிட்டபோது, டயாலிசிஸைத் தொடர வேண்டாம் என்று அவரே முடிவு செய்தார். 1988 பிப்ரவரி 15 அன்று 69 வயதில் மறைந்தார். மாணவர்கள் தங்கள் அன்பை ஒரு நீளத் துணியில் எழுதி, லைப்ரரி கட்டடத்தின் உச்சியிலிருந்து தொங்கவிட்டார்கள்.

இப்போது படிக்கிற தம்பி, தங்கைகளே, அந்த முதல் தொகுதி நம்ம லைப்ரரியில் இன்னும் இருக்கும். அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, எடுத்துப் படியுங்கள். சந்தேகம் வந்தால் சாரிடம் கேளுங்கள். வேலைக்குப் போன பிறகு ஃபிட்டரிடமும் கேளுங்கள்.