தசையின் மறைபொருள் கண்ட மாமேதை

விரலை மடக்குகிறோம், விழியை இமைக்கிறோம். உண்ட உணவின் வேதி ஆற்றல் எவ்வாறு அசைவாக மாறுகிறது? விலங்கியல் பயிலும் நான் இவ்வினாவை எண்ணுந்தோறும் என் உள்ளத்தில் முன்னிற்பவர் ஹங்கேரி நாட்டு அறிஞர் ஆல்பர்ட் செண்ட்-ஜியார்ஜி ஆவார்.

இவர் 1893ஆம் ஆண்டு புடாபெஸ்ட் நகரில் பிறந்தார். மருத்துவம் பயிலும்போதே முதல் உலகப் போர் இவரைப் போர்முனைக்கு இழுத்துச் சென்றது. பொருளற்ற அழிவைக் கண்டு மனம் கசந்து, 1916இல் தம் கையையே சுட்டுக்கொண்டு ஊர் திரும்பினார், படிப்பை முடித்தார். பின்னர் செகெட் நகரில் பேராசிரியராகி, அவ்வூர்ப் பாப்ரிகா மிளகாயிலிருந்து வைட்டமின் சியை ஏராளமாகப் பிரித்தெடுத்தார். 1937இல் நோபல் பரிசு இவரைத் தேடி வந்தது.

பரிசு பெற்றதும் இவர் ஓய்ந்துவிடவில்லை. மயோசின் என்னும் தசைப் புரதம் ஏ.டி.பி. என்னும் ஆற்றல் பொருளைப் பிளக்கிறது என்று 1939இல் மாஸ்கோ அறிஞர்கள் எங்கல்ஹார்ட்டும் லியுபிமோவாவும் கண்டிருந்தனர். செண்ட்-ஜியார்ஜியோ தசைப் புரதத்தை நூலாக இழுத்து, அதன்மேல் கொதிக்கவைத்த தசைச் சாற்றை விட்டார். உயிரற்ற அந்நூல் சுருங்கிற்று! சாற்றிலிருந்த ஏ.டி.பி.யும் உப்புகளுமே அதற்குக் காரணம். மயோசினோடு கலந்திருந்த ஆக்டின் என்னும் புரதத்தை 1942இல் இவருடைய ஆய்வகத்து ஸ்ட்ராப் பிரித்தெடுத்தார்.

இவையெல்லாம் போர்ப் புயலின் நடுவே நடந்தவை. 1943இல் இவர் இஸ்தான்புல் சென்று நேச நாட்டாரோடு இரகசியப் பேச்சு நடத்தினார். 1944இல் ஹங்கேரியை நாஜிப் படை கைப்பற்றியதும், இவர் தலைமறைவாக வாழ நேர்ந்தது. 1947இல் அமெரிக்கா சென்று உட்ஸ் ஹோல் கடலோர ஆய்வகத்தில் பணியைத் தொடர்ந்தார்.

இழைகள் மடிந்து குறுகுவதால் தசை சுருங்குகிறது என்றே அந்நாளில் பலரும் எண்ணினர். அவை ஒன்றையொன்று ஒட்டி வழுக்குகின்றன என்று 1954இல் இரு ஆய்வுக் குழுவினர் காட்டினர். 1957இல் ஆண்ட்ரூ ஹக்ஸ்லி அதற்குக் கணித மாதிரி அமைத்தார். மயோசினின் தலை ஆக்டினைப் பற்றி, துடுப்பு வலிப்பதுபோல் இழுக்கிறது. புதிய ஏ.டி.பி. வந்து சேர்ந்தால்தான் பிடியை விடுகிறது, அந்த ஏ.டி.பி. பிளந்ததும் அடுத்த இழுப்புக்கு ஆயத்தமாகிறது. ஏ.டி.பி. தீர்ந்தால் பிடி விடாது. இறந்த உடல் விறைப்பது இதனாலன்றோ!

நரம்பிழைக்குள் சரக்குகளைச் சுமந்து நடக்கும் கைனசின் புரதம் 1985இல் கண்டறியப்பட்டதும் அதே உட்ஸ் ஹோல் மண்ணில்தான். மறு ஆண்டு, 1986இல், செண்ட்-ஜியார்ஜி அங்கேயே மறைந்தார்.

இவருக்குப் பின் மாதிரிகள் மாறின, இன்னும் மாறக்கூடும். ஆனால் உயிரின் அசைவை உடலுக்கு வெளியே, ஒரு சிறு கண்ணாடித் தட்டில் நிகழ்த்திக் காட்டலாம் என்று மெய்ப்பித்த அந்தத் துணிவு என்றும் மாறாது. ஆய்வுக்கூடத்துள் நுழையும் மாணவர் ஒவ்வொருவரும் நெஞ்சில் ஏந்த வேண்டிய துணிவு அது.