படைக்கலன் புகா நிலம்

படைக்கலன் குறைப்பை விழைவோர் பெரும்பாலும் அவற்றை வைத்திருக்கும் வல்லரசுகளிடமே முதலில் முறையிடுவர். மெக்சிகோ நாட்டின் அரசதந்திரி அல்போன்சோ கார்சியா ரோபிள்ஸ் வேறொரு வழியை நாடினார். அணுகுண்டு இல்லாத நாடுகளை ஒன்றுகூட்டி, தம் மண்ணில் அதற்கு என்றும் இடமில்லை என்று அவற்றையே உறுதியேற்கச் செய்தார். மக்கள் நிறைந்து வாழும் பெரும் நிலப்பரப்பு ஒன்றில் அணு ஆயுதத்தைத் தடைசெய்த முதல் உடன்படிக்கை அவ்வாறே பிறந்தது.

1911 மார்ச் 20ஆம் நாள் சமோரா நகரில் பிறந்த அவர், தாய்நாட்டில் சட்டம் பயின்றபின், பாரிசிலும் ஹேக் நகரிலும் கல்வியைத் தொடர்ந்தார். 1939இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். ஐக்கிய நாடுகள் அவையின் சாசனத்தை உருவாக்கிய 1945ஆம் ஆண்டு சான்பிரான்சிஸ்கோ மாநாட்டில் பங்கேற்றார்; பின்னர் அவ்வவையின் செயலகத்திலேயே பத்தாண்டுகளுக்கும் மேலாகப் பணியாற்றினார்.

1962 அக்டோபரில், கியூபாவில் சோவியத் ஒன்றியம் நிறுவிய ஏவுகணைகளால் உலகம் அணுப்போரின் விளிம்பில் நின்றது. சண்டை இரு வல்லரசுகளுடையது. களமோ இலத்தீன் அமெரிக்கா. அப்போது பிரேசிலில் மெக்சிகோவின் தூதராக இருந்த ரோபிள்ஸ், அணு ஆயுதமற்ற மண்டலம் என்னும் கருத்தைத் தம் அரசு முன்னெடுக்க வேண்டும் என வற்புறுத்தினார். 1963 ஏப்ரலில் பொலிவியா, பிரேசில், சிலி, ஈக்வடார், மெக்சிகோ ஆகிய ஐந்து நாடுகளின் குடியரசுத் தலைவர்கள் அதற்கான கூட்டறிக்கையை வெளியிட்டனர். அவ்வாண்டு நவம்பரில் ஐ.நா. பொதுப்பேரவை இம்முயற்சியை ஆதரித்து நிறைவேற்றிய தீர்மானத்தின் எண் 1911. அவர் பிறந்த ஆண்டும் அதுவே என்பது ஒரு சுவையான தற்செயல்.

உடன்படிக்கையை வரைவதற்கான ஆயத்தக் குழுவுக்கு ரோபிள்ஸ் தலைவரானார். இடர்ப்பாடு எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1964இல் பிரேசிலில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபின், முன்னோடியாக நின்ற அந்நாடே தயங்கியது. வட்டாரத்தின் எல்லா நாடுகளும் ஏற்று, அணு வல்லரசுகளும் கையொப்பமிட்ட பின்னரே உடன்படிக்கை நடைமுறைக்கு வர வேண்டும் என்றது. அந்நிபந்தனையை அப்படியே ஏற்றால் அது ஏட்டிலேயே உறங்கிவிடும். மறுத்தால் பிரேசில் விலகிவிடும். ரோபிள்ஸ் நிபந்தனையை ஏற்றுக்கொண்டு, அதனருகிலேயே மற்றொரு விதியையும் சேர்க்க வழிகண்டார். விரும்பும் நாடு அந்நிபந்தனையைத் தன்னளவில் கைவிடலாம். கைவிட்ட நாட்டுக்கு உடன்படிக்கை உடனே செல்லுபடியாகும். காத்திருக்க விரும்பியோர் காத்திருந்தனர். ஏனையோர் முன்னே நடந்தனர். அவருடைய ஆற்றலை முழுமையாகக் காட்டுவது, என் கருத்தில், இந்த ஒரு விதியே.

1967 பிப்ரவரி 14ஆம் நாள் மெக்சிகோ நகரின் டிலாடெலோல்கோ பகுதியில் உடன்படிக்கை கையொப்பத்திற்கு வைக்கப்பட்டது. அணு ஆயுதத்தைச் செய்தல், சோதித்தல், பெறுதல், நிறுவுதல் அனைத்தையும் அது விலக்கியது. அணு உலைகளைப் பன்னாட்டு அணுசக்தி முகமையின் கண்காணிப்புக்கு உட்படுத்தியது. உறுப்பு நாடுகள்மீது அணு ஆயுதத்தைப் பயன்படுத்துவதில்லை என வல்லரசுகள் உறுதியளிப்பதற்குத் தனி நெறிமுறை ஒன்றும் இணைக்கப்பட்டது. 1979க்குள் ஐந்து வல்லரசுகளும் அதனை ஏற்றன. குறை இல்லாமலில்லை. அமைதி நோக்கிலான அணுவெடிப்புக்கு இடமளித்த விதியைப் பிரேசிலும் அர்ஜென்டினாவும் தமக்குச் சாதகமாகப் பொருள்கொண்டன. அவ்விரு நாடுகளிலும் உடன்படிக்கை முழுமையாக நடைமுறைக்கு வர 1994 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

1968இல் உருவான அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம், இத்தகைய வட்டார உடன்படிக்கைகளைச் செய்துகொள்ளும் உரிமையைத் தன் ஏழாம் உறுப்பில் ஏற்றது. தென் பசிபிக், தென்கிழக்கு ஆசியா, ஆப்பிரிக்கா, மத்திய ஆசியா ஆகிய வட்டாரங்களும் பின்னாளில் இவ்வழியைப் பின்பற்றின.

வெளியுறவு அமைச்சராகச் சிறிது காலம் இருந்த ரோபிள்ஸ், 1977 முதல் ஜெனிவாவின் படைக்கலன் குறைப்புப் பேச்சுகளில் மெக்சிகோவின் குரலாக விளங்கினார். 1982இல் அமைதிக்கான நோபல் பரிசை, சுவீடனின் ஆல்வா மிர்தாலுடன் பகிர்ந்துகொண்டார். 1991 செப்டம்பர் 2ஆம் நாள் மறைந்தார்.

அப்போது கியூபா உடன்படிக்கையில் கையொப்பமிட்டிருக்கவில்லை. 1995இல் கையொப்பமிட்ட அந்நாடு, ஏவுகணை நெருக்கடி நிகழ்ந்து நாற்பது ஆண்டுகள் கழித்து, 2002 அக்டோபரில் அதற்கு ஏற்பளித்தது. வட்டாரத்தின் 33 நாடுகளுள் இறுதியாக வந்து சேர்ந்த நாடு அதுவே.