கீறல் விழுந்த தட்டும் கேட்க மறுத்த காதும்

ஆகஸ்ட் 30 கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் கண்மூடிய நாள். ஆண்டுதோறும் அன்று எங்கள் படிப்பகத்தின் வாசலில் அவர் படத்தை வைத்து மாலை போடுவோம். ஒலிபெருக்கியில் அவருடைய பழைய இசைத்தட்டுப் பாடல்களை ஒலிக்கச் செய்வோம். நாற்பது ஆண்டுப் பழக்கம் இது.

சென்ற ஆண்டு ஒரு சிறு நிகழ்ச்சி. அரைமணி நேரம் பாட்டு ஓடியிருக்கும். இளந்தோழர் ஒருவர் மெல்ல வந்து ஒலியைக் குறைத்தார். என்னைப் பாட்டா என்று அன்போடு அழைத்து, கரகரப்பில் ஒரு சொல்லும் விளங்கவில்லை, சாலையில் போகிறவர்கள் சிரிக்கிறார்கள், வேறு பாட்டுப் போடலாமா என்று கேட்டார். அவர் சொன்னதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை. ஆனாலும் என் நெஞ்சில் முள் தைத்தது. அன்றிரவு தூக்கம் வரவில்லை. தவறு அவர் காதிலா? அல்லது என் வயதிலா?

விடை தேடிப் புறப்பட்டபோது, அந்தத் தட்டுக்குள் இருந்த மனிதரின் வாழ்க்கையே எனக்கு வழிகாட்டியது. அதைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில், 1908 நவம்பர் 29-இல் பிறந்தார் கிருஷ்ணன். தந்தை சுடலைமுத்து, தாய் இசக்கியம்மாள். பெயர்களைக் கவனியுங்கள், தோழர்களே! சுடலையும் இசக்கியும் நாஞ்சில் நாட்டு ஏழையின் தெய்வங்கள். கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டுக்காரர்கள் இரவு முழுவதும் பாடுவது அவர்கள் கதையைத்தான். வில்லும் குடமும் உடுக்கையும் எழுப்பிய ஒலியில் பிறந்த பிள்ளை அவர். அவர் பிறந்த அதே 1908-இல்தான் கல்கத்தாவின் சியால்தாவில் இசைத்தட்டுத் தொழிற்சாலை ஒன்று எழுந்தது. இங்கே ஏழைக் குடிசையில் குரல் பிறந்தது. அங்கே குரலைப் பதிக்கும் ஆலை பிறந்தது. இரண்டும் சந்திக்க இன்னும் காலம் இருந்தது.

வறுமை படிப்பைத் தொடக்கப் பள்ளியோடு நிறுத்தியது. டென்னிஸ் ஆடுகிற கனவான்களுக்குப் பந்து பொறுக்கிப் போட்டார். மாலையானால் நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்றார். விற்கப் போன இடத்தில் கலை அவரை விலைக்கு வாங்கிக்கொண்டது! வில்லுப்பாட்டு பாடினார். பிறகு டி.கே.எஸ். சகோதரர்களின் நாடக சபையில் சேர்ந்தார். அங்கே பல வேடங்கள் தாங்கி, மேடையின் நெளிவு சுளிவுகளைக் கற்றார்.

1936-இல் சதிலீலாவதி படம் வந்தது. எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர் இயக்கிய படம் அது. எம்.ஜி.ஆருக்கு அதுவே முதல் படம். அதன்பின் டி.ஏ. மதுரம் அவரோடு திரையிலும் வாழ்விலும் இணைந்தார். இருவரும் தங்கள் பகுதியைத் தாங்களே எழுதி அமைத்து, தங்கள் குரலிலேயே பாடினார்கள். கதை எதுவாயினும் அவர்கள் காட்சிக்காகவே கொட்டகைக்குப் போனவர்கள் ஏராளம்.

இசைத்தட்டு அவர் குரலை ஊரூராகக் கொண்டுபோயிற்று. அரக்கும் கல்தூளும் கலந்து அழுத்திய கருப்புத் தட்டு அது. நிமிடத்துக்கு 78 சுற்று. ஒரு பக்கம் மூன்று நிமிடந்தான். மின்சாரம் வேண்டாம், சாவி கொடுத்தால் போதும். படம் பார்க்கக் காசில்லாதவனும் கடைத் திண்ணையில் நின்று கேட்டான். எழுத்தறியாத தொழிலாளிக்கு அதுவே புத்தகமாகவும் பள்ளிக்கூடமாகவும் இருந்தது.

வடசேரியில் தறி நெய்த என் தந்தையார் பழைய கிராமபோன் பெட்டி ஒன்றை வாங்கி வைத்திருந்தார். ஊசி தேய்ந்தால் தீட்டிப் போடுவார். ஞாயிறு மாலை தெருவே எங்கள் வாசலில் கூடும். சிரிப்பொலி அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

புகழின் உச்சியில் இடி விழுந்தது. 1944 நவம்பரில் சென்னையில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் குத்தப்பட்டு இறந்தார். அந்த வழக்கில் எம்.கே. தியாகராஜ பாகவதரும் கிருஷ்ணனும் கைதாயினர். 1945-இல் ஆயுள் தண்டனை! வெளியே மதுரம் அம்மையார் நாடகக் குழுவைக் காத்தார். எஸ்.வி. சகஸ்ரநாமம் உற்ற துணையாக நின்றார். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய்த் திரும்பிற்று. மறு விசாரணையில் 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்கள் என விடுதலையாயினர்.

இங்கேதான் நம் கேள்வி வருகிறது. சிறைக்குள் போனபோது இருந்த உலகம் வேறு. வெளியே வந்தபோது இருந்த உலகம் வேறு. பாகவதரின் ஹரிதாஸ் மூன்று தீபாவளிகளைக் கண்ட படம். அந்தப் பாகவதரின் புதிய படங்களுக்கோ முன்போலக் கூட்டம் வரவில்லை. அவர் இசை குறைந்துவிடவில்லை. கேட்பவர் காது மாறிவிட்டது. பாட்டால் ஓடிய படங்கள் போய், வசனத்தால் ஓடும் படங்கள் வந்தன. நடிப்பவர் ஒருவர், பின்னணியில் பாடுபவர் மற்றொருவர் என்றாயிற்று. 1959 நவம்பர் முதல் நாள் அந்தப் பெருங்கலைஞர் மறைந்தார். காலம் மாறுவதன் வேதனைக்கு அவர் வாழ்வே சாட்சி.

கிருஷ்ணன் என்ன செய்தார்? மாறிய காலத்தைத் திட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்தாரா? இல்லை! புதியவர்களை வீட்டுக்குள் அழைத்தார். 1949-இல் அண்ணாவின் கதை வசனத்தில் நல்லதம்பி எடுத்தார். 1951-இல் மணமகள், 1952-இல் பணம் ஆகிய படங்களைத் தாமே இயக்கினார். இரண்டுக்கும் கலைஞரின் வசனம்.

நல்லதம்பியில் வரும் கிந்தனார் கதையை எண்ணிப் பாருங்கள். நந்தனார் கதையைக் காலட்சேபமாகச் சொல்வது பழைய வழக்கம். அந்தப் பழைய அச்சிலேயே புதிய பணியாரம் சுட்டார்கள், பாட்டெழுதிய உடுமலை நாராயணகவியும் பாடிய கிருஷ்ணனும். நந்தன் தில்லைக்குப் போனான், தீயில் இறங்கினான். கிந்தனோ பட்டணத்துக்குப் போனான், பள்ளியில் படித்தான், அதிகாரியாகத் திரும்பினான். ஒடுக்கப்பட்டவன் கரையேறும் வழி கல்வி என்பதைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்ன கதை அது. பழைய கலையை அவர் குப்பையில் வீசவில்லை. அப்படியே பூசித்துக்கொண்டிருக்கவும் இல்லை. வில்லுப்பாட்டையும் அவ்வாறே கொடை மேடையிலிருந்து பொதுமேடைக்குக் கொண்டுவந்தார். நெல்லைச் சீமையிலிருந்து சுப்பு ஆறுமுகம் என்ற இளைஞரைச் சென்னைக்கு அழைத்துச் சென்றார். அந்த இளைஞர் 2022-இல் தம் முதுமையில் மறையும்வரை வில்லைக் கீழே வைக்கவில்லை.

பணம் படத்தில் இன்னொன்றும் நடந்தது. இசையமைப்பாளர் சி.ஆர். சுப்பராமன் 1952-இல் இளம் வயதிலேயே மறைந்தார். அவரிடம் பணியாற்றிய இருவர் திகைத்து நின்றனர். அந்த இருவரையும் தம் படத்துக்கு இசையமைக்க வைத்தார் கிருஷ்ணன். விசுவநாதன்–ராமமூர்த்தி என்ற இரட்டைப் பெயர் திரையில் முதலில் வந்தது அந்தப் படத்தில்தான்.

இதை நான் அறிந்தது வெகு பின்னால். அறிந்த அன்று வெட்கித் தலைகுனிந்தேன். ஏன் தெரியுமா? எனக்குப் பதினான்கு வயதிருக்கும். இலங்கை வானொலியில் விசுவநாதன்–ராமமூர்த்தி பாட்டுக்காகக் காத்துக் கிடப்பேன். தந்தையார் கிராமபோனுக்குச் சாவி கொடுத்தால் எரிச்சல் வரும். கரகரவென்று கத்தும் அந்தப் பெட்டியை மூடச்சொல்லி ஒருநாள் சண்டையே போட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. ஊசியை எடுத்து வைத்துவிட்டுத் தறிக்குப் போய்விட்டார். எந்தப் பாட்டுக்காக அந்தத் தட்டை நிறுத்தச் சொன்னேனோ, அந்தப் பாட்டுக்குக் கதவு திறந்துவிட்டவர் அந்தத் தட்டுக்குள் இருந்தவரே! தந்தையிடம் அதைச் சொல்ல நான் ஓடியபோது அவர் உயிரோடு இல்லை.

கிருஷ்ணனும் நெடுங்காலம் இருக்கவில்லை. சம்பாதித்ததை வாரி வழங்கினார். வந்தவர் எவரும் வெறுங்கையோடு போனதில்லை என்று எங்கள் பக்கத்தில் இன்றும் பேசுவார்கள். 1956 நவம்பர் முதல் நாள் குமரி தாய்த் தமிழகத்தோடு இணைந்தது. பத்தே மாதங்கள்; 1957 ஆகஸ்ட் 30-இல் சென்னைப் பொது மருத்துவமனையில் அவர் மூச்சு அடங்கிற்று. வயது நாற்பத்தெட்டு! நம்மில் பலர் அதைக் கடந்துவிட்டோம். 1969 சனவரி 14-இல் சென்னையில் அவர் சிலையைத் திறந்து வைத்தார் அண்ணா. நோயின் பிடியிலிருந்த அண்ணாவுக்கு அதுவே கடைசிப் பொது நிகழ்ச்சியாயிற்று.

தோழர்களே! அந்தக் காலத்து நகைச்சுவை அனைத்தும் இன்றும் சிரிக்க வைக்கும் என்று நான் சாதிக்கமாட்டேன். சிரிப்புக்கும் வயதாகும். தட்டு தேயும், ஊசி மழுங்கும், காதும் மாறும். ஆனால் பழையதைக் கேள் என்று அதட்டுவதும், பழையது வேண்டாம் என்று ஒதுக்குவதும் ஒரே பிழையின் இரு பக்கங்கள். முதியவர் விளக்கிச் சொல்லத் தவறினால் இளைஞருக்குக் கரகரப்பு மட்டுமே கேட்கும். நாற்பது ஆண்டு பாட்டை ஒலிக்கச் செய்தோமே தவிர, பாடியவர் யாரென்று எத்தனை பேருக்குச் சொன்னோம்? குற்றவாளிக் கூண்டில் நான்தான் நிற்கிறேன்.

அந்த இளந்தோழரிடம் போனேன். என் தந்தையின் கதையையும் ஒளிக்காமல் சொன்னேன். அவர் சற்றுநேரம் பேசவில்லை. பிறகு தம் கைப்பேசியை எடுத்து, நான் சொன்னதை மறுபடி சொல்லச் சொல்லிப் பதிவு செய்துகொண்டார். தட்டில் இருப்பதைக் கரகரப்புக் குறைத்துப் பதிந்து தரவும் ஆள் இருக்கிறார்களாம். தாமே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

இந்த ஆண்டு ஆகஸ்ட் 30 மாலையில் முதலில் கதை. பிறகு கலைவாணர் பாட்டு. அதன்பின் இளைஞர்கள் விரும்பும் பாட்டு. அவர்கள் பாட்டு ஒலிக்கும்போது நான் எழுந்து போகமாட்டேன். முன்வரிசையில் உட்கார்ந்து கேட்பேன். என் தந்தைக்குச் செலுத்தத் தவறிய கடனை அவர்களுக்காவது செலுத்த வேண்டாமா?