துப்பாக்கிக்கு வாய்ப்பூட்டு போட்டவர்!

சத்தம் போட்டால்தான் சோறு. இது திருத்தங்கல் பட்டாசுக்காரர்கள் கணக்கு. சத்தத்தை அடக்கியே பேர் வாங்கினார் ஓர் அமெரிக்கர். பெயர் ஹிராம் பெர்சி மாக்சிம்.

1869-ல் பிறந்தவர். அப்பா மெஷின்கன் கண்டுபிடித்தவர். சுட்டுச் சுட்டே காது மந்தமானவர். மகனோ 1909-ல் துப்பாக்கி சைலன்சருக்குக் காப்புரிமை வாங்கினார். குழாய்க்குள் தடுப்புகள். வெடிப்புகை அதில் சுழன்று மெள்ள வெளியேறும், சத்தம் அடங்கும்.

ஆனால் தோட்டா ஒலியை முந்திப் பறந்தால் ‘சடார்’ போகாது. வேகம் குறைந்த தோட்டாவுக்கே முழுப் பலன்.

திருட்டு வேட்டைக்கு உதவுமே என்று பயம் கிளம்பிற்று. 1934-ல் அமெரிக்க அரசு 200 டாலர் வரி போட்டது. 1936-ல் மாக்சிம் காலமானார்.

மோட்டார் எஞ்சின் சத்தத்தையும் அடக்கியவர் அவர். பைக் சைலன்சரைக் கழற்றிவிட்டுப் பறக்கும் இளவட்டங்களுக்கு இது தெரியுமா?