புரதத்தின் வடிவம் சொன்னவர்

நம் தோல், தசை, மூளை எல்லாவற்றிலும் புரதங்கள் இருக்கின்றன. மணிகள் கோத்த மாலைபோல நீண்டிருக்கும் பல புரதங்கள், சரியாக மடிந்தால்தான் வேலை செய்யும். எப்படியெல்லாம் மடியலாம் என்று கணக்கிட்டுச் சொன்னவர் ஜி.என். ராமச்சந்திரன்.

1922 அக்டோபர் 8-ல் எர்ணாகுளத்தில் பிறந்தார். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்தார். பெங்களூரில் சர் சி.வி. ராமனிடம் ஆராய்ச்சி செய்தார். 1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார்.

தோலுக்கு உறுதி தருவது கொலாஜன் என்ற புரதம். கங்காரு வாலின் நாரிலிருந்து அதை எடுத்து ஆராய்ந்தார். மூன்று இழைகள் கயிறுபோல முறுக்கிக்கொண்டிருப்பதைச் சொன்னார்.

புரத மாலை எந்தக் கோணத்தில் திரும்பலாம், எதில் திரும்பினால் அணுக்கள் முட்டிக்கொள்ளும் என்று காட்டும் வரைபடத்தைத் தன் குழுவினருடன் 1963-ல் வெளியிட்டார். 'ராமச்சந்திரன் வரைபடம்' எனப்படும் அதை இன்றும் உலக விஞ்ஞானிகள் பயன்படுத்துகிறார்கள்.

முதுமையில் பார்க்கின்சன் நோய் அவரை வாட்டியது. அந்த நோயில், தவறாக மடிந்த புரதம் மூளைச் செல்களுக்குள் திரண்டு கட்டிக்கொள்கிறது. நடையும் கையசைவும் தடுமாறும். புரத மடிப்பை ஆராய்ந்தவருக்கே இந்தச் சோதனை! 2001 ஏப்ரல் 7-ல் மறைந்தார்.

தலைமுடியின் தடிமனைவிடப் பல நூறு மடங்கு சிறிய நானோ துகள்களால் அந்தத் திரளைத் தடுக்கவும் கலைக்கவும் விஞ்ஞானிகள் இப்போது முயல்கிறார்கள். இது இன்னும் சோதனைக்கூடத்தில்தான் இருக்கிறது. முடித்துவைக்கப்போவது உங்களில் ஒருவராகவும் இருக்கலாம்!