ரெயிலில் ஏறத் தடை! நடந்தே ஊர் சுற்றிய சுப்பிரமணிய சிவா

1912-ம் ஆண்டு நவம்பர் மாதம். சேலம் சிறையின் கதவு திறந்தது. ஒருவர் வெளியே வந்தார். அவருக்கு வயது 28. அவரைத் தொழுநோய் பற்றி இருந்தது.

அவர்தான் சுப்பிரமணிய சிவா. கப்பலோட்டிய தமிழர் வ.உ.சிதம்பரம் பிள்ளையோடு தோள் சேர்ந்து நின்ற வீரர்.

அந்தக் காலத்தில் தொழுநோயை அடியோடு போக்கும் மருந்து கிடையாது. நோய் வந்தவரை ஊர் ஒதுக்கியது. சொந்தக்காரர்களே கிட்டே வரப் பயந்தார்கள். ஊரை விட்டுப் போய், கோவில் வாசலில் பிச்சை எடுத்தவர்கள் பலர்.

சிவா ஒதுங்கவில்லை. அதற்குப் பிறகு 12 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். பத்திரிகை நடத்தினார். புத்தகம் எழுதினார். நாடகம் போட்டார். ஓர் ஆசிரமமும் கண்டார்.

வத்தலக்குண்டில் பிறந்தவர்

சிவா பிறந்தது 1884-ம் ஆண்டு அக்டோபர் 4-ந் தேதி. ஊர், வத்தலக்குண்டு. ஏழைக் குடும்பம்.

வாலிப வயதில் திருவனந்தபுரத்தில் தேசபக்திப் பிரசாரம் செய்தார். சமஸ்தானம் அவரை வெளியேற்றியது. பிறகு தூத்துக்குடிக்கு வந்தார். வ.உ.சி.யின் நட்புக் கிடைத்தது.

1908-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். கூலி உயர வேண்டும், வாரத்தில் ஒரு நாள் லீவு வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. வ.உ.சி.யும் சிவாவும் தொழிலாளர்களுக்குத் துணை நின்றார்கள். கூட்டம் கூட்டமாக ஜனங்கள் திரண்டு வந்து சிவாவின் பேச்சைக் கேட்டார்கள்.

சர்க்கார் மிரண்டது. மார்ச் 12-ந் தேதி இருவரும் கைதானார்கள்.

வழக்கை விசாரித்தவர் நீதிபதி பின்ஹே. சிவாவுக்கு 10 ஆண்டுத் தண்டனை விதித்தார். வ.உ.சி.க்கு 40 ஆண்டு. அதில் 20 ஆண்டு, சிவாவுக்கு உதவி செய்த குற்றத்துக்காக! ஐகோர்ட்டில் அப்பீல் செய்ததில் சிவாவின் தண்டனை 6 ஆண்டாகக் குறைந்தது.

சிறையில் வந்த நோய்

சிவா திருச்சி சிறையிலும் சேலம் சிறையிலும் அடைக்கப்பட்டார். கடுமையான வேலை கொடுத்தார்கள். ஆட்டு ரோமத்தைச் சுத்தம் செய்யும் வேலையும் அதில் ஒன்று. அந்த வேலையால்தான் நோய் வந்தது என்று ஜனங்கள் பேசிக் கொண்டார்கள்.

உண்மையில் தொழுநோய்க்குக் காரணம் ஒரு கிருமி. நார்வே நாட்டு டாக்டர் ஹான்சன் 1873-ல் அதைக் கண்டுபிடித்தார். அது உடம்பில் புகுந்து பல ஆண்டுகள் கழித்தே நோயாக வெளிப்படும். நரம்பைத் தாக்கும். கை, கால் மரத்துப் போகும். முள் குத்தினாலும் தெரியாது. நெருப்புச் சுட்டாலும் தெரியாது. காயம் புண்ணாகும்.

மீண்டும் உழைப்பு

விடுதலையான சிவா, சென்னையில் குடியேறினார். 1913-ல் "ஞானபாநு" என்ற மாதப் பத்திரிகையைத் தொடங்கினார். புதுவையில் இருந்து பாரதியார் அதற்கு எழுதி அனுப்பினார். வ.உ.சி.யும் எழுதினார். பின்னர் "பிரபஞ்சமித்திரன்" என்ற வாரப் பத்திரிகையையும் சிவா நடத்தினார்.

1915-ல் மனைவி மீனாட்சி அம்மாள் இறந்து போனார். நோயோடு தனிமையும் சேர்ந்து கொண்டது. அப்போதும் சிவா எழுதுவதை நிறுத்தவில்லை. மேடை ஏறுவதையும் நிறுத்தவில்லை. சுதந்திரானந்தர் என்று பெயர் வைத்துக் கொண்டு காவி உடுத்தினார்.

1921-ல் மறுபடியும் கைது. இரண்டரை ஆண்டு சிறைத் தண்டனை. ஆனால் நோய் முற்றியதால் முன்னதாகவே விட்டு விட்டார்கள்.

ரெயிலில் இடம் இல்லை

அடுத்து இன்னொரு அடி விழுந்தது. தொழுநோயாளி என்று காரணம் காட்டி, சிவா ரெயிலில் போகக் கூடாது என்று சர்க்கார் தடை போட்டது.

ஊர் ஊராகப் போய்ப் பேசுவதுதான் அவர் தொழில். அதையே முடக்கப் பார்த்தார்கள். சிவா முடங்கவில்லை. உடம்பைத் துணியால் மூடிக் கொண்டு நடந்தார். நடக்க முடியாதபோது கட்டை வண்டியில் போனார். புண்பட்ட கால்களோடு சென்ற பயணம் அது.

இடம் கொடுத்த பாப்பாரப்பட்டி

இப்படிச் சுற்றியவருக்குத் தங்க ஓர் இடம் கிடைத்தது. அதுதான் பாப்பாரப்பட்டி.

பாப்பாரப்பட்டி இன்று தர்மபுரி மாவட்டத்தில் இருக்கிறது. மல்லசமுத்திரமும் திருச்செங்கோடும் நாமக்கல் மாவட்டத்தில் இருக்கின்றன. அன்று இவை எல்லாம் ஒரே சேலம் ஜில்லா. சிவாவைச் சிறையில் அடைத்து வைத்ததும் அந்த ஜில்லாதான். நோயாளி என்று விரட்டாமல் அவரை ஏற்றுக் கொண்டதும் அந்த ஜில்லா ஜனங்கள்தான்.

நண்பர்கள் உதவியோடு அங்கே நிலம் வாங்கினார். "பாரதபுரம்" என்று பெயர் வைத்தார். சாதி வித்தியாசம் பாராமல் எல்லோரும் வந்து வணங்க, பாரத மாதாவுக்கு ஓர் ஆலயம் கட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. 1923-ல் வங்காளத் தலைவர் சித்தரஞ்சன் தாஸ் அதற்கு அடிக்கல் நாட்டினார்.

ஆலயத்துக்குப் பணம் திரட்ட சிவா மறுபடியும் ஊர் ஊராகப் புறப்பட்டார். 1925 ஜூலையில் மதுரையில் இருந்தபோது உடல்நிலை மோசமானது. பாப்பாரப்பட்டிக்கே திரும்பி வந்தார். ஜூலை 23-ந் தேதி அங்கே உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 40.

அவர் ஆசைப்பட்ட ஆலயத்தை அவரால் கட்டி முடிக்க முடியவில்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகு, அதே பாப்பாரப்பட்டியில் அவருக்கு மணிமண்டபம் எழுந்தது. பாரத மாதா நினைவாலயமும் வந்தது.

இன்று மருந்து உண்டு

சிவாவுக்குக் கிடைக்காத மருந்து இன்று இருக்கிறது. கூட்டு மருந்துச் சிகிச்சை என்று பெயர். நோயின் அளவைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ மாத்திரை சாப்பிட்டால் தொழுநோய் குணமாகும். சிகிச்சை தொடங்கிய சில நாட்களிலேயே நோய் பிறருக்குப் பரவாது.

தோலில் வெளிறிய அல்லது சிவந்த படை தெரிகிறதா? தொட்டால் அங்கே உணர்ச்சி இல்லையா? மறைக்க வேண்டாம். அருகில் உள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் போதும். பரிசோதனைக்கும் மாத்திரைக்கும் காசு இல்லை.

வீட்டில் ஒருவருக்கு நோய் வந்தால், அவருக்குத் தனித் தட்டு வைத்து ஒதுக்க வேண்டாம். அவர் செய்து வந்த வேலையை அவரே செய்யட்டும். மருந்தே இல்லாத காலத்தில் 12 ஆண்டுகள் உழைத்துக் காட்டியவர் சிவா. மருந்து இருக்கும் காலத்தில் யாரும் மூலையில் உட்கார வேண்டியதில்லை.