நீதிக்காக நின்ற அல்ஹாஜ் மாலிக் ஷபாஸ்

மால்கம் எக்ஸ் என்று உலகம் அறிந்த அல்ஹாஜ் மாலிக் ஷபாஸ் (ரஹ்), அமெரிக்காவின் ஒமாஹா நகரில் 1925 மே 19-ல் பிறந்தார். தந்தை கிறிஸ்துவப் போதகர். கறுப்பின மக்களின் உரிமைக்காகப் பேசி வெள்ளை வெறியர்களின் பகையைத் தேடிக்கொண்டவர். மகனுக்கு ஆறு வயதானபோது அவர் மரணமடைந்தார். பின்னர் தாயார் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட, பிள்ளைகள் திசைக்கொருவராய்ச் சிதறினர். கட்டுப்பாடின்றி வளர்ந்த மால்கம் திருட்டுக் குற்றத்திற்காக 1946-ல் சிறை புகுந்தார்.

அங்கே இரவு பகலாக நூல்களைப் படித்தார். எலிஜா முஹம்மதின் 'நேஷன் ஆஃப் இஸ்லாம்' இயக்கத்தில் சேர்ந்தார். 1952-ல் விடுதலையாகி, நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் அவ்வியக்கத்தின் பெரும் பேச்சாளரானார். வெள்ளையர் அனைவரும் பிறவியிலேயே தீயோர் என்பது அவ்வியக்கத்தின் போதனை. நமது தீனுக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமுமில்லை. எனினும், அடிபட்டவனுக்காக எழுந்து நிற்கும் குணம் அன்றே அவரிடம் இருந்தது.

1957 ஏப்ரலில் ஹார்லம் வீதியில் போலீசார் ஒருவரை அடிப்பதைக் கண்டு, ஜான்சன் ஹின்டன் என்பவர் தட்டிக் கேட்டார். உடனே தடிகள் அவர் தலைமீது இறங்கின. மண்டை உடைந்தவரை ஸ்டேஷனில் அடைத்தார்கள். மால்கம் தம் தோழர்களை ஸ்டேஷன் முன் அணிவகுத்து நிறுத்தினார். கல் எறியவில்லை, கூச்சல் போடவில்லை. அடிபட்டவரைப் பார்க்க வேண்டும், மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்பதே கோரிக்கை. அது நிறைவேறியதும் கையசைத்தார்; கூட்டம் அமைதியாகக் கலைந்தது. பின்னர் ஹின்டனுக்கு 70,000 டாலர் நஷ்டஈடு கிடைத்தது.

1964-ல் அவ்வியக்கத்தை விட்டு விலகி ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். இத்தனை ஆண்டுகள் மேடைகளில் முழங்கியவர், ஜித்தாவில் தொழுகையின் முறையைப் பிறரைப் பார்த்துக் கற்க வேண்டியதாயிற்று. இஹ்ராம் உடையில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தட்டில் உண்டு, ஒரே ஸஃப்பில் நிற்பதைக் கண்டார். நிறத்தை வைத்து மனிதனை வெறுப்பது தவறு என்ற தெளிவோடு திரும்பினார். ஆனால் அநீதியை எதிர்ப்பதை அவர் விடவில்லை. கறுப்பின மக்களின் துயரை மனித உரிமைப் பிரச்சினையாக உலக நாடுகளின் முன் வைக்க முயன்றார். 1965 பிப்ரவரி 21-ல், 39-ஆம் வயதில், நியூயார்க் மேடையில் சுட்டுக் கொல்லப்பட்டார். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அக்கொலைக்காகத் தண்டிக்கப்பட்ட மூவரில் இருவர் நிரபராதிகள் என்று 2021-ல்தான் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்களுக்குச் சாதகமான ஆதாரங்களைப் போலீசாரே மறைத்திருந்தனர். அவ்விருவருள் ஒருவர் அதற்கு முன்பே இறந்துவிட்டார்!

அன்புச் சகோதரர்களே! இது எங்கோ கடல் கடந்த கதையென்று எண்ணாதீர். 2020 மே மாதம் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் போலீஸ்காரரின் முழங்காலின் கீழ் மூச்சுத் திணறி இறந்தார். அடுத்த மாதமே நமது சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரம் கடந்து கடை திறந்திருந்ததாகச் சொல்லி ஜெயராஜ் என்ற வியாபாரியைப் போலீசார் பிடித்துச் சென்றனர். தேடிப்போன மகன் பென்னிக்ஸும் தப்பவில்லை. ஸ்டேஷனில் அடிபட்ட இருவரும் கோவில்பட்டியில் அடுத்தடுத்து உயிர் துறந்தனர். அங்கே நிறம் காரணமல்ல. ஆனால் அதிகாரம் கையிலிருப்பவன் எதிரிலிருப்பவனை மனிதனாக மதியாத நோய் ஒன்றே. அதே ஸ்டேஷனில் பணிபுரிந்த ஒரு பெண் தலைமைக் காவலர் அஞ்சாமல் சாட்சி சொன்னார்.

நாள்தோறும் ஐவேளை தோளோடு தோள் சேர்ந்து நிற்கிறோம். பள்ளிவாசலை விட்டு வெளியே வந்ததும், அடிபட்டவன் எந்தச் சாதி, எந்த மதம் என்று விசாரித்துவிட்டுத்தான் இரக்கப்படுவதென்றால், அந்த ஸஃப் நமக்குக் கற்பித்தது என்ன? ஷஹாதத் என்பதன் பொருளே சாட்சியம்தான். அநீதி கண்ட இடத்தில் அச்சாட்சியத்தை மறைக்காதவர்களாக அல்லாஹுத் தஆலா நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.